வி.ஐ.பி. அவ்வாவுக்கு ஒரு டெலிபோன்

இந்தியாவில் வயதானவர்கள் எல்லோரும் வி.ஐ.பி.க்கள். நக்கல் இல்லை, மத்திய அரசின் காகிதமே அப்படிச் சொல்கிறது. மூத்த குடிமக்களுக்கு என்னென்ன சலுகை என்று அரசு போட்ட பட்டியலில் தொலைத்தொடர்புத் துறைக்கும் ஓர் இடம் உண்டு. முதியவர் லேண்ட்லைன் கேட்டால் முன்னுரிமைப் பிரிவில் பதிவு செய்து தரவேண்டும். அவர் வீட்டு போன் பழுதென்று புகார் வந்தால் அதன்மேல் 'வி.ஐ.பி. கொடி' குத்தி முதலில் கவனிக்கவேண்டும். கொடி என்றே எழுதியிருக்கிறார்கள். முதியவர்களின் ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டிப் பிடுங்கினார்கள்; கொரோனா போய்விட்டது, சலுகை வந்தபாடில்லை. டெலிபோன் கொடியை மட்டும் பிடுங்கவில்லை. கம்பமே இல்லாத கொடியைப் பிடுங்குவதற்கு யாருக்கு நேரமிருக்கிறது?

வி.ஐ.பி. என்றால் என்ன என்று திருப்பதிக்காரர்களுக்கு டெல்லி பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலைமேல் 2019 வரை வி.ஐ.பி.க்குள்ளேயே எல்-1, எல்-2, எல்-3 என்று சாதி பிரித்து வைத்திருந்தார்கள். அதை ஒழித்த அதே ஆண்டில், ஸ்ரீவாணி டிரஸ்டுக்கு 10,000 ரூபாய் காணிக்கை கொடுத்தால் பிரேக் தரிசனம் என்று கொண்டுவந்தார்கள். ஏழுமலையான் சன்னிதிக்கே விலை எழுதி ஒட்டிய ஊரில், காசே வேண்டாம், நரைத்தாலே நீ வி.ஐ.பி. என்று ஓர் இலாகா சொன்னால் ஊர் நம்புமா? நம்பவில்லை. ஊருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஓர் அவ்வா, அதாவது பாட்டி, இருப்பதாக வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வதென்ன, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மகன் பெங்களூரில், மகள் வேலூரில், பேத்தி சென்னையில். வீட்டில் அவ்வாவும் ஒரு சுவர்க்கடிகாரமும். அவள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மணி அடித்தால் கொல்லைப்புறம் வரை கேட்கவேண்டும். எடுத்தால் பேசவேண்டும். வைத்தால் நிற்கவேண்டும். மாதக் கட்டணம் ஓய்வூதியத்தைக் கடித்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

பேரன் ஒரு தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், வாங்கிக் கொடுத்த அன்றே தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டு. மணி அடிக்கிறது. பச்சை வட்டத்தை மேலே இழுக்கவேண்டும் என்று எந்த ஊரிலோ உட்கார்ந்த ஒருத்தன் தீர்மானித்திருக்கிறான். அவ்வா அதைத் தட்டுகிறாள், குத்துகிறாள், முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குத்துகிறாள். நாற்பது வருஷம் புளியங்கொட்டை தட்டித் தேய்ந்து உலர்ந்த அந்த விரலைக் கண்ணாடி மனித விரலாகவே மதிக்கவில்லை. கடைசியில் ஒருவழியாக இழுபட்டது பச்சையல்ல, சிவப்பு. பெங்களூரில் மகன் மனைவியிடம் சொல்கிறான்: "அம்மா கட் பண்ணிட்டா. இன்னும் கோவம் போலிருக்கு."

இந்த அவ்வாவுக்கு ஒரு லேண்ட்லைன் போட்டுக் கொடுப்பதுதான் காரியம். ஐம்பது வருஷமாக அதைத்தான் எல்லோரும் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆந்திரக் கிராமங்களில் ஒரு பழக்கம் இருந்தது. இரவில் பெண்பேய் வந்து கதவைத் தட்டுமாம். வீட்டுக்காரர்கள் வாசல் சுவரில் "ஓ ஸ்த்ரீ, ரேபு ரா" என்று எழுதி வைப்பார்கள்: பெண்ணே, நாளைக்கு வா. பேய் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். மறுநாள் வந்தால் அன்றும் அதேதான் எழுதியிருக்கும். நம் நாட்டின் டெலிபோன் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதமுடியாது. பேய்க்கு மட்டும்தான் விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

பழைய காலத்தை நினைத்து உருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு போன் இருந்த காலம் பொற்காலம் ஒன்றுமில்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அவசரமென்றால் 'ஓ.ஒய்.டி.' என்று ஆயிரக்கணக்கில் டெபாசிட் கட்டவேண்டும். அதன் விரிவு 'உன் டெலிபோனை நீயே சொந்தமாக்கிக்கொள்' என்பது, கட்டிய பிறகும் அது இலாகாவின் சொத்துதான். 1980-களின் தொடக்கத்தில் தகவல்தொடர்பு அமைச்சராக இருந்தவர் சி.எம்.ஸ்டீபன். போன்கள் ஓயாமல் பழுதாவது பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டபோது, டெலிபோன் ஆடம்பரம், உரிமையல்ல; பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுக்கலாம், வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது என்ற பொருளில் பதில் சொன்னதாக சசி தரூர் எழுதியிருக்கிறார். ஸ்டீபனைத் திட்டாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் மனதில் இருந்ததை வெளியே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அதே நாற்காலிக்குப் பின்னால் வந்தார் சுக்ராம். 1996 ஆகஸ்டில் சி.பி.ஐ. அவர் வீடுகளில் நுழைந்தபோது 3.6 கோடி ரூபாய் ரொக்கம் கிடைத்தது. ஹைதராபாத் கம்பெனி ஒன்றிடம் கூடுதல் விலைக்கு ரேடியோ கருவி வாங்கி அரசுக்கு 1.66 கோடி நட்டம் வைத்த வழக்கில் 2002-ல் தண்டனை. டெலிபோன் கேபிள் ஒப்பந்தத்துக்கு 3 லட்சம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2011-ல் ஐந்தாண்டு. அந்த 3 லட்சத்தைக் கேட்டால் இப்போது சிரிப்பு வருகிறது. இந்தத் துறை பிற்பாடு பார்த்த தொகைகளுக்கு முன்னால் அது தட்சிணை. ஆனால் மண்ணுக்குள் போன கேபிளின் தரத்தை யார் அனுபவித்தது? மழை பெய்தால் கரகரவென்று இரைந்த லைனில், "ஹலோ, ஹலோ, சத்தமா பேசு" என்று தொண்டை கிழியக் கத்திய அவ்வாக்கள்.

சென்னைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். ஒரு லைனுக்கு மனுப்போட்டு ஜனங்கள் நின்ற நாட்டில், மத்திய அமைச்சராக இருந்த தயாநிதி மாறனின் வீட்டில் 764 லைன்கள் இருந்ததாகவும் அவை குடும்பத் தொலைக்காட்சிக்குப் பயன்பட்டதாகவும் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போட்டது. அவர் மறுத்தார். 2018 மார்ச்சில் கீழ்க்கோர்ட் விடுவித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்து செய்தது. குற்றம் நிரூபணமாகிறதோ இல்லையோ, இந்த வழக்கில் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. 764 லைன் கேட்டாலும் கொடுக்கிற சக்தி இலாகாவுக்கு உண்டு என்று சி.பி.ஐ.யே நம்பியிருக்கிறது!

இத்தனை அழுக்குக்கு நடுவிலும் அந்தச் செம்புக் கம்பியில் ஒரு தர்மம் இருந்தது. போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாகவே வரும், 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் வரிசையாகப் பேட்டரி. அது தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். ஊரே இருட்டில் கிடந்தாலும் அவ்வா வீட்டு மணி அடிக்கும். பிளக் குத்தவேண்டாம், சார்ஜ் போடவேண்டாம். இருட்டில் தடவி எடுத்தால் டயல் டோன் கேட்கும். மின்வெட்டுக்குப் பேர்போன நாட்டில், மின்வெட்டு தெரியாத ஒரே சாமான் அதுதான்.

அதைத்தான் முதலில் ஒழித்தார்கள். இனி எல்லாம் ஃபைபர். செம்புக்கு எடைக்கடையில் விலை இருக்கிறது, அவ்வாவுக்கு இல்லை. ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி அதை நம் வீட்டு மின்சாரத்தில் சொருகவேண்டும். கரண்ட் போனால் பெட்டி செத்தது, பெட்டி செத்தால் போன் செத்தது. வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு பேட்டரி டப்பா கடையில் கிடைக்கும், அவ்வா செலவில். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மிதந்ததே, நினைவிருக்கிறதா? மலைப்பாதை சரிந்தது. ராயலசெருவு ஏரிக்கரை கசிகிறது, கீழே இருக்கிற கிராமத்துக்காரர்கள் எழுந்து வெளியேறுங்கள் என்று எச்சரிக்கை போனது. அப்படியொரு ராத்திரியில், கரண்ட் இல்லாத வீட்டில், ஃபைபர் போன் வைத்திருக்கிற கிழவிக்கு யார் எப்படிச் சொல்வது? டமாரம் அடித்துத்தான். இருபத்தோராம் நூற்றாண்டின் டிஜிட்டல் இந்தியாவில் கடைசி நம்பிக்கை வெட்டியான் கையில் இருக்கிற தப்பட்டை.

ஃபைபர் என்றதும் எங்கள் ஜில்லாவின் சொந்தக் கதையைச் சொல்லாமல் நகரமுடியாது. சந்திரபாபு நாயுடு பிறந்தது சந்திரகிரி பக்கம் நாராவாரிபள்ளி, 1989 முதல் ஜெயித்து வருவது குப்பம். கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தது அவர்தான் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அவர் கொண்டுவந்ததுதான் ஏ.பி. ஃபைபர்நெட். 2017 டிசம்பர் 27-ல் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தை வைத்துத் திறந்தார். மாதம் 149 ரூபாய். அதில் இணையம், டி.வி., டெலிபோன் மூன்றும். நியாயமாகச் சொல்லவேண்டும்: இந்த நாட்டில் ஓர் அவ்வாவுக்குக் கட்டுப்படியாகிற லேண்ட்லைனுக்கு மிக அருகில் வந்த திட்டம் அது. மருந்துக் கடைச் செலவில் ஒரு மூலை.

பிறகு என்ன நடந்தது? ஆட்சி மாறியது. ஜெகன் அரசின் சி.ஐ.டி., முதல் கட்டப் பணியின் 321 கோடி ரூபாய் டெண்டரில் முறைகேடு என்று 2021-ல் வழக்குப் போட்டது. 2023-ல் சந்திரபாபு பெயரையும் சேர்த்தது. அவர் தரப்பு மறுத்தது. 2024-ல் மறுபடி ஆட்சி மாறியது. இப்போது குற்றம் சாட்டும் முறை சந்திரபாபு தரப்புடையது. ஜெகனைப் புகழ்ந்து ராம் கோபால் வர்மா எடுத்த 'வியூகம்' படத்தை ஃபைபர்நெட்டில் ஓட்டியதற்கு அரசுப் பணம் கோடிக்கணக்கில் போயிருக்கிறது, பார்த்தவர்கள் 1,863 பேர்தான், ஒரு பார்வைக்கு 11,000 ரூபாய் ஆகிறது என்று ஃபைபர்நெட் சேர்மன் ஜி.வி.ரெட்டி 2024 டிசம்பரில் சொன்னார்; வர்மாவுக்கு நோட்டீஸ் போனது. அந்தச் சேர்மனே இரண்டு மாதத்தில் அதிகாரிகளோடு மல்லுக்கட்டி 2025 பிப்ரவரியில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குற்றச்சாட்டு உண்மையென்றால், யாரோ ஒருத்தர் ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்த கூலியில் அவ்வா 149 ரூபாய் வீதம் ஆறு வருஷம் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் படத்தைவிட நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு கட்சி குழாய் போட்டதில் தின்றதாக அடுத்த கட்சி சொல்கிறது. குழாயில் விட்டதில் தின்றதாக முதல் கட்சி திருப்பிச் சொல்கிறது. இரண்டு பேரும் ஒருவரைப்பற்றி ஒருவர் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை.

சரி, மத்திய அரசின் பி.எஸ்.என்.எல். இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000 அக்டோபர் 1-ல் இலாகா கம்பெனியானது. 2015 மே மாதம் ஒரு பெரும் சலுகை அறிவித்தார்கள்: இரவு 9 மணியிலிருந்து காலை 7 வரை லேண்ட்லைனில் எந்த நெட்வொர்க்குக்கும் இலவசமாகப் பேசலாம். எங்கள் ஊர் அவ்வா ராகி சங்கடி தின்றுவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். பரவாயில்லை, ஒன்பதரை வரை கண் விழித்துப் பழகிக்கொண்டாள் என்றே வைப்போம். 2016 சுதந்திர தினத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க இலவசம். அதுதான் அவ்வாவின் பொற்காலம், வாரத்துக்கொரு தீபாவளி. 2018 பிப்ரவரி 1-ல் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரவு இலவசத்தையும் பத்தரைக்குத் தள்ளினார்கள். பத்தரை மணிக்குமேல் அவ்வாவிடமிருந்து மணி அடித்தால் மகள் வீட்டில் விளக்குப் போடுவார்கள், யாரோ போய்விட்டார்கள் என்று. அந்த நேரத்தைத்தான் இலவசமாக்கினார்கள்.

பிறகு ஆட்களைப் பிடுங்கினார்கள். 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள், மொத்த ஊழியரில் பாதி. எந்தத் தூணிலிருந்து எந்த வீட்டுக்குக் கம்பி போகிறது, எந்த ஜாயிண்டில் எலி கடிக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று மனப்பாடமாய் வைத்திருந்த லைன்மேன்கள். சைக்கிள் கேரியரில் கம்பிச் சுருளோடும் இடுப்பில் டெஸ்ட் போனோடும் வருவார்களே, அவர்கள். தீபாவளிக்கு வந்து தலையைச் சொறிந்தது உண்மைதான். ஆனால் கூப்பிட்டால் இரண்டு நாள் கழித்தாவது வருவார்கள். இன்று வருவது குறுஞ்செய்தி.

கம்பெனியைக் காப்பாற்ற அரசு மூன்று மருந்து கொடுத்தது. 2019-ல் சுமார் 69,000 கோடி, 2022-ல் 1.64 லட்சம் கோடி, 2023-ல் 89,047 கோடி. கூட்டினால் 3.22 லட்சம் கோடி ரூபாய். இதில் பெரும்பங்கு எண்ணிக் கொடுத்த நோட்டு அல்ல, அலைக்கற்றைக் கணக்கு என்று கண்ணாடியைத் துடைத்தபடி திருத்துகிற அதிகாரி ஒருவர் இருப்பார். இருக்கட்டும் ஐயா. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அறுபது தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடி. மாதம் 149 வீதம் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு லைன் என்றாலும் அந்தத் தொகை பதினேழு வருஷத்துக்கு வரும். பெரும்பாலான அவ்வாக்களுக்கு அதற்குமேல் தேவைப்படாது.

இது தவிர ஓர் உண்டியல் உண்டு. லாபம் தராத கிராமத்துக்கும் ஏழைக்கும் போன் கிடைக்கவேண்டும் என்று 2002-ல் அனைவருக்கும் சேவை நிதி என்று ஒன்றை வைத்தார்கள். போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதில் விழும். அதாவது நாம் கட்டும் பில்லிலிருந்து. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கோடி விழுந்தது. அதில் பெரும் தொகை செலவாகாமலே கஜானாவில் தூங்கியது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அந்த உண்டியலுக்குப் பெயர் மாற்றி டிஜிட்டல் பாரத் நிதி என்று நாமம் சாத்தினார்கள். திருப்பதிப் பெருமாளாவது குபேரனிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறார் என்று ஒரு கதை இருக்கிறது. இந்த உண்டியலுக்கு அந்தக் கதைகூடக் கிடையாது.

லேண்ட்லைன் போனால் போகட்டும், மேஜை போன்போலவே இருக்கும், உள்ளே சிம் போட்டுக்கொள்ளலாம், பெரிய பொத்தான், ரிசீவர், எல்லாம் உண்டு என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து வைப்பார். நல்ல சாமான்தான், இன்றைக்கு எனக்குத் தெரிந்து அவ்வாவுக்கு ஏற்றது அதுதான். வாங்கி மேஜையில் வைத்துவிடலாம். சிக்கல் சிம்மில் இருக்கிறது. போன் கம்பெனிகளின் பஞ்சாங்கத்தில் மாதம் 28 நாள்; வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். பதின்மூன்றாவது மாதத்துக்கு அவ்வாவுக்கு ஓய்வூதியம் யார் தருவார்? 2018 கடைசியில் 35 ரூபாய் இருந்தால் சிம் உயிரோடு இருக்கும். 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய். அதில் டேட்டா உண்டு. அவ்வாவின் மேஜை போனில் டேட்டா எங்கே உட்காரும்? தெரியாது. ஆனால் காசு கொடுத்தாகவேண்டும்.

பேச்சு மட்டும் போதும் என்கிறவர்களுக்குப் பேச்சு மட்டும் விற்கக்கூடாதா என்று ட்ராய் என்கிற ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 2024 டிசம்பரில் ஞானம் பிறந்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் சுமார் 15 கோடி பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, டேட்டா இல்லாத திட்டம் வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டது. கம்பெனிகள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தன. எப்படி? 84 நாளைக்கு 6 ஜி.பி. சேர்த்து 509 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த திட்டத்திலிருந்து அந்த 6 ஜி.பி.யைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஏர்டெல் 499 ரூபாய் என்று அறிவித்தது. பத்து ரூபாய் தள்ளுபடி! நாடு முழுக்கக் காறித் துப்பியபின் 469 ஆனது. மற்றவர்களும் இதே ரகம்தான். சோறு வேண்டாம் குழம்பு மட்டும் போதும் என்றால், சோற்றை எடுத்துவிட்டு முழுச் சாப்பாட்டுக்கே பில் போடுகிற ஹோட்டலில் அவ்வா உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தனையும் தாண்டி, இல்லை, எனக்கு லேண்ட்லைனேதான் வேண்டும் என்று அவ்வா அடம் பிடித்தால் விண்ணப்பம் போடலாம். கம்பெனி எது என்று கேட்காதீர்கள், எல்லா வாசலிலும் இதே கோலம்தான். முதல் கேள்வி: உங்கள் மொபைல் எண்? போன் இல்லை என்பதால்தான் போன் கேட்டு வந்திருக்கிறாள் என்று யாராவது எடுத்துச் சொன்னால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது என்கிறார் கணினிக்கு முன்னால் இருக்கிற பையன். அவன்மேல் தப்பில்லை; அவனுக்குச் சம்பளம் அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான். சரி, பேரன் எண். அதற்கு ஓ.டி.பி. போகும். பேரன் மீட்டிங்கில் இருப்பான். எடுப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதி. அடுத்து ஆதார், விரல்ரேகை. கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். சிவப்பு விளக்கு. துடைத்து வை. சிவப்பு. வேறு விரல் வை. சிவப்பு. புளியும் பாத்திரக் கரியும் சேர்ந்து தின்ற ரேகையை அந்தக் கருவி எங்கே தேடும்? "அம்மா, மீ வேலு படலேது, ரேபு ரண்டி" என்று மரியாதையாகவே சொல்வார்கள். விரல் பதியவில்லை, நாளைக்கு வாருங்கள். சுவரில் எழுதாததுதான் குறை.

ஒருவழியாக லைன் வந்துவிட்டது என்று வையுங்கள். மாதக் கட்டணத்தில் அவ்வா பார்க்காத இணையத்துக்கும் காசு, அதன் தலைமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவளுடைய பழைய டயல் போனைச் சொருகினால் பல பெட்டிகளில் வேலை செய்யாது. வட்டம் சுற்றும் போனின் பாஷை அவற்றுக்குப் புரியாது. மொபைலுக்குப் போட்டால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கவேண்டும், 2021 ஜனவரி 15 முதல் சட்டம் அது. இதை அவ்வாவுக்கு யார் சொன்னார்கள்? ஒரு பெண்குரல் சொன்னது, இங்கிலீஷில்.

பழுதானால்? 2009-ல் ட்ராய் போட்ட விதி அருமையானது. பழுது மூன்று நாளுக்குமேல் நீடித்தால் ஏழு நாள் வாடகை கழிக்கவேண்டும் என்றது. ஏழு நாளுக்குமேல் போனால் பதினைந்து நாள் வாடகை. பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாத வாடகை. உங்களில் யாராவது இந்தக் கழிவை வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் உங்கள் படத்தை மாட்டி மாலை போடலாம். வாங்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. புகார் கொடுத்த மறுநாளே, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று செய்தி வந்துவிடும். லைன் செத்தே கிடக்கும், புகார்தான் குணமாகிவிட்டது. அந்தச் செய்தியும் அவ்வாவுக்கு வராது. பேரனுக்கு வரும். பேரன், "சரி பண்ணிட்டாங்களாம்" என்று நிம்மதியாகத் தூங்கப்போவான்.

இதற்கு ஒரு பரிகாரம் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம். கிணற்றில் கிடைத்த வரசித்தி விநாயகர். காது கேளாதவர், வாய் பேசாதவர், கண் தெரியாதவர் என்று மூன்று சகோதரர்கள் அந்தக் கிணற்றைத் தூர்வாரும்போது சுவாமி வெளிப்பட, மூவருக்கும் குறை நீங்கியது என்பது ஸ்தல புராணம். டெலிபோன் இலாகாவுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் இல்லை. அதைவிட முக்கியம், அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் தப்பமுடியாது. கொடுக்கல் வாங்கல் தகராறு, திருட்டு, குடிப்பழக்கம், எல்லாவற்றுக்கும் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு சன்னிதியில் நின்று பிரமாணம் செய்கிற வழக்கம் இன்றைக்கும் உண்டு. கட்டைப் பஞ்சாயத்தில் அசராதவன்கூட "காணிப்பாக்கம் வா" என்றால் காலை இழுப்பான்.

என் மனு இதுதான். ட்ராய், குறைதீர்ப்பு மையம், நுகர்வோர் நீதிமன்றம் எதுவும் வேண்டாம். டெல்லியிலிருந்து ஒரு பஸ், விஜயவாடாவிலிருந்து ஒரு பஸ், கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களிலிருந்து இரண்டு பஸ் புறப்படட்டும். புகாரைத் தீர்த்துவிட்டோம் என்று செய்தி அனுப்பியவர், லைன் உண்மையிலேயே பேசியது என்று சத்தியம் செய்யட்டும். 149 ரூபாய்த் திட்டத்தில் நாங்கள் தின்னவில்லை, அவர்கள்தான் தின்றார்கள் என்பவர்கள் இரண்டு கட்சியாரும் ஒரே படிக்கட்டில் இறங்கட்டும். 6 ஜி.பி.யின் அடக்கவிலை பத்தே ரூபாய்தான் என்று கணக்கெழுதியவர் தன் குழந்தைகளின் தலையில் கைவைத்துச் சொல்லட்டும். அனைவருக்கும் சேவை நிதியில் கைவைக்காமல் பத்திரமாகத் தூங்க வைத்த கனவான்கள், அத்தனை வருஷமும் நாட்டில் போன் இல்லாத கிழவி ஒருத்திகூடக் கண்ணில் படவில்லை என்று உரக்கச் சொல்லட்டும். கோயில் குளத்தில் மூன்று முழுக்கு, ஈர வேட்டி, கற்பூரம். வரிசையில் முதலில் யார் வருகிறீர்கள்?